ஆற்றங்கரைக் கோப்பிக்கடையில் சொன்ன பொய்

1

டிலானி கேட்டது சின்ன உதவிதான். அவள் என் பெரியம்மா மகளின் மகள், பேசாலைக்காரி. இந்த ஐப்பசியில் மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கு வருகிறாள். அதுவும் நான் இருபத்திரண்டு வருடமாக இருக்கும் பிரேமன் நகரத்துக்கே வருகிறாள். போன வாரம் தொலைபேசியில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

“றெஜினா அன்ரி, ஹொஸ்ரலிலை ஒரு அறைக்கு ரெண்டு பேராம். எனக்கு ஆக்கள் இருக்கிற அறையிலை படிக்க ஏலாது. நீங்கள் கோப்பிக்கடையளிலை இருந்து படிச்சுத்தானாம் நேர்ஸ் ஆகினனீங்கள், அம்மா சொன்னவ. எந்தெந்தக் கடை நல்லம் எண்டு ஒரு லிஸ்ற் போட்டு அனுப்புங்கோவன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தவளிடம், ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை ஆலோசனை கேட்கிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். முதலாவது கடை, இரண்டாவது கடை என்று விறுவிறுவென்று போனது. மூன்றாவதில் கை நின்றுவிட்டது.

அந்தப் பட்டியலில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். ஊரில் இதை வாசிப்பவர்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். தெரிந்தால் தெரியட்டும்.

2

முதலில், நான் ஏன் கோப்பிக்கடைக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும்.

பதினொரு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாக வேலை செய்தேன். தாதியர் சொல்வதைச் செய்வதுதான் வேலை. குளிப்பாட்டு, உடுப்பு மாற்று, சோறு தீத்து. ஒருநாள் மேலாளர் கூப்பிட்டு, மூன்று வருடப் பயிற்சிக்குப் போ, நீயும் நேர்ஸ் ஆகலாம் என்றார். வீட்டில் சொன்னபோது மகள் “அம்மா, உங்களுக்கு இன்னும் der, die, das சரியா வராதே” என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். மகன் சிரித்தான். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. உண்மையைத்தான் சொன்னார்கள், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் அந்தச் சின்னச் சொற்களை நான் மாற்றித்தான் போடுவேன். ஆனால் அந்த வீட்டு மேசையில் அவர்கள் முன்னால் புத்தகத்தைத் திறக்க எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

அந்த மேசைக்கு வேறு ஒரு கதையும் இருந்தது. வந்த புதிதில் நான் மொழி வகுப்புக்குப் போனேன். எனக்கு ஓரளவு ஜெர்மன் வந்ததும் எங்கள் வீட்டு மேசை அரசாங்கக் கந்தோர் மேசை மாதிரி ஆகிவிட்டது. சனி ஞாயிறு என்றால் யாராவது கடிதத்தோடு வந்து நிற்பார்கள். வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும், பள்ளிக்கூடத்தில் வந்து கதைக்க வேண்டும், வதிவிட விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். என் கணவருக்கு யாரையும் இல்லை என்று அனுப்பத் தெரியாது. “பாவங்கள், வாசிச்சுச் சொல்லுமன்” என்பார். நானும் வாசித்தேன், பல வருடம் வாசித்தேன். ஒரு கட்டத்தில் தெருவில் தமிழ்க் குரல் கேட்டாலே வேறு பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினேன்.

முதலாவது கடை ரயில் நிலையத்துக்குள் இருந்தது. டிலானிக்கு அதை வேண்டாம் என்று எழுதினேன். பிளக் பொயின்ட் இருக்கிறது, ஆனால் கதிரைகள் உயரம், கால் நிலத்தில் படாது. அரை மணித்தியாலத்தில் வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இரண்டாவது, நகர நூலகத்தின் கீழே இருக்கும் கடை. அமைதியானது. ஆனால் அங்கே வருகிறவர்கள் எல்லாரும் இருபது வயதுக்காரர். என் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களில் ஒருத்தி என் குறிப்புக் கொப்பியை எட்டிப் பார்த்துச் சிரித்த நாளோடு அந்தக் கடையையும் விட்டேன்.

அவள் சிரித்தது நியாயம்தான். உம்ஷ்லாக் என்றொரு ஜெர்மன் சொல். கடித உறைக்கும் அதுதான் சொல், காய்ச்சல்காரருக்குச் சுற்றும் ஈரத்துணிக்கும் அதுதான் சொல். பல வருடமாக நான் கடிதங்களோடு மாரடித்தவள் அல்லவா, எனக்குக் கடித உறை மட்டும்தான் தெரியும். “காய்ச்சல் கூடினால் நோயாளியின் காலில் குளிர்ந்த கடித உறையைச் சுற்றவும்” என்று குறிப்பில் எழுதி வைத்திருந்தேன்.

பயிற்சியின் மூன்றாவது வருடம் இறுதிச் சோதினையின் எழுத்துப் பகுதியில் சறுக்கினேன். இன்னும் ஒரே ஒரு முறைதான் எழுதலாம் என்றார்கள். அதிலும் விட்டால் மூன்று வருடமும் வீண்.

3

மூன்றாவது கடை வேசர் ஆற்றங்கரையில். பிரேமன் கோப்பிக் கொட்டை இறக்கும் துறைமுக நகரம். காற்று ஒரு பக்கமாக அடித்தால் தெரு முழுக்க வறுத்த வாசம் வரும். அந்தக் கடையை மார்ட்டா என்ற அறுபது வயதுப் பெண் நடத்தினாள். ஆறு மேசைகள்தான். மூலையில் இருந்த மேசைக்குப் பக்கத்தில் பிளக் பொயின்ட், மேலே ஒரு மஞ்சள் விளக்கு. ஒரு கோப்பியோடு இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காலை வேலை முடிந்து, பின்னேரம் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போகும் வரைக்கும் எனக்குக் கிடைத்த நேரமும் அவ்வளவுதான்.

நான் போகத் தொடங்கி இரண்டாவது கிழமை, மேசை துடைக்கப் புதிதாக ஒருவன் வந்தான். இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். மெலிந்தவன். என் மேசைக்கு வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, நீங்கள் தமிழோ?”

எனக்கு முன்னால் சோதினைப் புத்தகம் விரிந்து கிடந்தது. நான் என்ன நினைத்தேன் என்று இப்போதும் சரியாக ஞாபகம் இருக்கிறது. ஓம் என்று சொன்னால் எந்த ஊர் என்பான். ஊரைச் சொன்னால் சொந்தம் வரும். சொந்தம் வந்தால் கடிதம் வரும். இந்த மேசையும் கந்தோர் மேசையாகிவிடும்.

தலையை நிமிர்த்தி, ஜெர்மன் மொழியில், “மன்னிக்கவும், எனக்கு விளங்கவில்லை” என்றேன்.

அவன் முகம் சட்டென்று அடங்கியது. அவனும் ஜெர்மன் மொழியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போனான். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவன் பெயர் நிரோஜன் என்று மார்ட்டா கூப்பிடுவதில் இருந்து அறிந்தேன். ஓய்வு நேரத்தில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று தாயோடு தொலைபேசியில் கதைப்பான். “ஓம் அம்மா, சாப்பிட்டனான். குளிர் பெரிசா இல்லை. இலுப்பைக்கடவை பஸ் இப்ப ஒழுங்கா ஓடுதோ?” என்று ஒருநாள் கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தலைமன்னார். அவன் மன்னாரில் இருந்து யாழ்ப்பாணம் போகும் கரைவீதிக்காரன். எங்கள் இரண்டு பேருடைய ஊர்களுக்கும் நடுவில் ஒரு பாலமும் கொஞ்சத் தூரமும்தான். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதன் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் கேட்காமலே ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைப்பான். மூலை மேசையில் வேறு யாரும் இருந்துவிடாமல் நான் வரும் நேரத்துக்கு ஒரு அட்டையை வைத்துவிடுவான். அது கடையின் வழக்கம் என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

4

ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த செவ்வாய் எனக்குச் சோதினை. நிரோஜன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கையில் மஞ்சள் நிறக் கடித உறை.

இந்த நாட்டில் மஞ்சள் உறையை ஒருவரும் விரும்ப மாட்டார்கள். அரசாங்கத்தின் முக்கியமான முடிவுகள் அதில்தான் வரும். தபால்காரர் அதைக் கொடுத்த நாளை உறையின் மேல் தன் கையால் எழுதிவிட்டுப் போவார். அந்த நாளில் இருந்துதான் பதில் கொடுக்க வேண்டிய தவணை எண்ணப்படும். இருபது வருடத்தில் அப்படி எத்தனை உறைகளை நான் வாசித்துச் சொல்லியிருப்பேன்.

அவன் உடைந்த ஜெர்மன் மொழியில், “தயவுசெய்து… வாசிக்க?” என்றான்.

உறையை வாங்கி முதலில் திகதியைப் பார்த்தேன். ஒன்பது நாள் ஆகியிருந்தது. முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினேன். எதிர்த்து வழக்குப் போடலாம், இரண்டு கிழமைக்குள் நீதிமன்றத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று இருந்தது. அப்படியென்றால் வரும் புதன்கிழமை கடைசி நாள்.

தமிழில் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் போதும். “தம்பி, இது நிராகரிப்பு. புதன்கிழமைக்கு முதல் ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கோ. இண்டைக்கே போங்கோ.” அவ்வளவுதான். ஆனால் தமிழில் சொல்வதென்றால் நான் பொய் சொன்னவள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு சட்டத்தரணியைத் தேடித் தருவது யார், கூடப் போவது யார் என்ற கேள்விகளும் வரும். செவ்வாய்க்கிழமை சோதினை.

நான் ஜெர்மன் மொழியில் சொன்னேன். சட்டத்தரணி என்றேன். தவணை இருக்கிறது என்றேன், அலுவலக மொழியில், அந்தக் கடிதத்தில் இருந்த அதே சொல்லை வைத்து.

அவன் தலையாட்டினான். “யா, யா. டாங்கே,” என்று நன்றி சொன்னான்.

அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். முதல் ஐந்து வருடம் நானும் அப்படித்தான் தலையாட்டினேன். வைத்தியர் முன்னால், பிள்ளையின் ஆசிரியை முன்னால், வேலை கொடுப்பவர் முன்னால். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறவர்களின் தலையாட்டல் அது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரியும்.

அவன் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனான். நான் காய்ச்சலும் அதன் பராமரிப்பும் என்ற அத்தியாயத்தைத் திறந்தேன்.

5

அன்று ட்ராமில் வீடு திரும்பும்போது, ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் காணி பற்றி ஒரு கடிதம் முழுக்கச் சிங்களத்தில் வந்திருந்தது. அம்மாவும் நானும் மன்னார்க் கச்சேரிக்குப் போய், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வாசலில் நின்றோம். புத்தளத்தில் பல வருடம் இடம்பெயர்ந்து இருந்துவிட்டு முசலிக்குத் திரும்பி வந்த ஒரு முஸ்லிம் பெண் வரிசையில் நின்றா. அம்மாவின் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, “தாங்கோ, எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும்” என்றா. நிழலுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்னா. இடையில் அவவின் பெயரைக் கூப்பிட்டார்கள். “கூப்பிடட்டும், பிறகு போறன்” என்றுவிட்டு மிச்சத்தையும் வாசித்தா. அன்று அவவின் அலுவல் முடியவில்லை. மறுபடியும் அவ்வளவு தூரம் வந்திருப்பா. பெயர் கேட்கவில்லை நாங்கள்.

ட்ராமில் இருந்து இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். மார்ட்டாவின் கடை ஆறு மணி வரை திறந்திருக்கும். நான் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சோதினை எழுதினேன். நன்றாக எழுதினேன். புதன்கிழமை வேலை முடிந்ததும் நேரே ஆற்றங்கரைக்குப் போனேன். தமிழிலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அவன் இல்லை. “அவனுக்கு இன்றைக்கு விடுமுறை, வெள்ளிக்கிழமை வருவான்” என்றாள் மார்ட்டா. அவனுடைய தொலைபேசி இலக்கத்தைக் கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பாளே, அவனை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே ஒரு கோப்பி குடித்தேன். கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை அவன் இருந்தான். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “சோதினை நல்லதா?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டான்.

“ஓம், நன்றி” என்று நானும் ஜெர்மன் மொழியில் சொன்னேன்.

நாள் கடந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கிழமையில் இருந்து நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. வாய்மொழிச் சோதினைக்கு வேறொரு கடையில் இருந்து படித்தேன். அது நான்காவது கடை. நல்ல வெளிச்சம், நல்ல கோப்பி, கழிப்பறையும் சுத்தம். டிலானிக்கு அதைத்தான் பட்டியலில் முதலாவதாக மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன்.

6

சோதினை பாஸ். சான்றிதழ் கிடைத்த அன்று கணவர் கேக் வாங்கி வந்தார். மகள் என்னைக் கட்டிப்பிடித்து ஜெர்மன் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னாள். அதில் ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

அடுத்த வசந்தத்தில் ஒருநாள் ஆற்றங்கரையால் நடந்தபோது மார்ட்டா வாசலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் கூப்பிட்டாள்.

“நிரோஜன் போய்விட்டான், தெரியுமா? அவனுடைய தீவுக்கே திரும்பிப் போய்விட்டான். கடிதத்துக்கு நேரத்துக்குப் பதில் கொடுக்கவில்லையாம். எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் நானே சட்டத்தரணியிடம் கூட்டிப்போயிருப்பேன். படிக்கும் பெண்மணி வந்தால் வணக்கம் சொல்லச் சொன்னான். உனக்கு அவனைத் தெரியுமா?”

“இல்லை” என்றேன். இரண்டாவது தடவை.

வழக்குப் போட்டிருந்தாலும் அவன் தோற்றிருக்கலாம். பலர் தோற்கிறார்கள். இதை எனக்கு நானே நிறையத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவைகூட அது உதவவில்லை.

7

இந்த ஆவணியில் அம்மாவின் முதலாம் ஆண்டுப் பூசைக்கு ஊருக்குப் போனேன். பிள்ளைகள் வரவில்லை. மகனுக்கு விடுமுறைக் கால வேலை, மகளுக்கு நண்பிகளோடு பயணம். பூசை முடிந்த மூன்றாம் நாள் தலைமன்னாரில் இருந்து பஸ் எடுத்து மன்னாருக்கு வந்து, அங்கே பஸ் மாறி இலுப்பைக்கடவைக்குப் போனேன். அண்ணன் மனைவிக்கு, பழைய சிநேகிதியைப் பார்க்கப் போறன் என்று சொல்லியிருந்தேன். எனக்குப் பொய் சுலபமாக வருகிறது.

சந்திக் கடையில் “ஜெர்மனிக்குப் போய் வந்த நிரோஜன்” என்று கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். தாய் வெளியே வந்தா. வெயிலில் வந்தவளை இருத்தி, முதலில் தண்ணீர் தந்தா. பிறகுதான் யார் என்று கேட்டா.

“ஜெர்மனியிலை இருந்து வாறன் அம்மா. தம்பி வேலை செய்த கடைக்குக் கோப்பி குடிக்கப் போறனான்.”

அவவின் முகம் அவனுடைய முகம் மாதிரியே மலர்ந்தது. “தம்பி இப்ப மன்னார் ரவுணிலை பிள்ளை. பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஒரு பேக்கரியிலை கோப்பி மெஷின் போட்டிருக்கினம், அதைப் பாக்கிறான். அங்கை பழகினதாம்.”

சுவரில் ஓர் இளைஞனின் படம் இருந்தது. மாலை இல்லை. நான் பார்ப்பதைக் கண்டு, “மூத்தவன்” என்றா. “சண்டை முடியிற நேரம் கூட்டிக்கொண்டு போனவங்கள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. மாலை போடேல்லை. ஏன் போடவேணும்?”

பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு என் முன்னால் இருந்தா. “உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும் பிள்ளை. அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ? கடிதத்தை வாசிச்சுச் சொல்ல ஒருத்தரும் கிடைக்கேல்லை எண்டு சொன்னவன். அவ்வளவு பெரிய நாட்டிலை ஒரு தமிழ்ச் சனமும் இல்லையோ?”

“இருக்கினம் அம்மா,” என்றேன். பிளேன்ரீ நாக்கைச் சுட்டது. சுடச் சுடக் குடித்து முடித்தேன்.

8

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு. பேக்கரி நிழலில் இரண்டு கழுதைகள் நின்றன. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பணிஸும் ரோல்ஸும். பின்பக்கம் நான்கு மேசைகள் போட்டிருந்தார்கள். ரியூஷனுக்கு வந்த உயர்தரப் பிள்ளைகள் மூன்று மேசைகளில் கொப்பியை விரித்து வைத்திருந்தார்கள். மெஷினுக்கு முன்னால் நிரோஜன் நின்றான். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான்.

என்னைக் கண்டதும் பால் கோப்பையைக் கீழே வைத்தான். ஆச்சரியப்பட்டானே தவிர, திகைக்கவில்லை.

“வாங்கோ அக்கா,” என்றான் தமிழில்.

நான் பஸ்ஸில் யோசித்து வைத்த எல்லாம் மறந்துபோனது. “தம்பி, நான் தலைமன்னார். நான் தமிழ்,” என்றேன். பக்கத்து மேசைப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது.

“தெரியும்,” என்றான். “இருங்கோ.”

கோப்பி போட்டுக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தான்.

“எப்ப தெரியும்?”

“ரெண்டாம் நாளே. கோப்பி புத்தகத்திலை ஊத்துப்பட்டுப் போச்சு. ‘ஐயோ மாதாவே’ எண்டு சொன்னனீங்கள். நான் பின்னாலை நிண்டனான்.”

எனக்கு அது ஞாபகமே இல்லை.

“அப்ப ஏன் தம்பி அண்டைக்குக் கடிதத்தைக் கொண்டு வந்து ஜெர்மனிலை கேட்டனீங்கள்? தமிழிலை கேட்டிருக்கலாமே.”

அவன் மேசையில் இருந்த ஈரத்தைக் கையால் வழித்தான். “நீங்கள் தமிழ் விளங்காது எண்டு சொன்னனீங்கள். நான் பிறகு தமிழிலை கேட்டா, நீங்கள் பொய் சொன்னதெண்டு ஆகிப்போகும். கடையிலை வைச்சு உங்களை அப்பிடி வெக்கப்படுத்தக் கூடாது எண்டு நினைச்சன். படிச்சுக்கொண்டும் இருந்தனீங்கள்.”

நான் அழக்கூடாது என்று இருந்தேன். அழுதுவிட்டேன். அவன் எழுந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

“என்னை மன்னியுங்கோ தம்பி.”

“கோவம் இருந்தது அக்கா,” என்றான். குரலை உயர்த்தவில்லை. “இல்லை எண்டு சொல்ல மாட்டன். இஞ்சை வந்து இறங்கின நாளிலை நிறைய இருந்தது. இப்ப குறைவு. முழுக்கப் போச்செண்டு சொன்னா அதுவும் பொய்.”

“சரி,” என்றேன். எனக்கு அது போதும் போல இருந்தது. அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

பிறகு அவன் எழுந்து, காசாளர் மேசையின் லாச்சியைத் திறந்து ஒரு பைலை எடுத்து வந்தான். உள்ளே அந்த மஞ்சள் உறை இருந்தது.

“வீட்டிலை வைச்சா அம்மா எடுத்து எடுத்துப் பாப்பா. அதாலை இஞ்சை. போனிலை போட்டுப் பாத்தனான். ஒவ்வொரு சொல்லும் தமிழாத்தான் வருது, ஆனா வசனமா வருதில்லை. இதிலை என்ன இருக்கெண்டு இண்டைக்கும் எனக்கு முழுக்கத் தெரியாது.” உறையை என் பக்கம் தள்ளினான். “வாசிச்சுச் சொல்லுங்கோ. குறைக்காமல் சொல்லுங்கோ.”

ஒரு காலத்தில் நான் கடிதம் வாசித்தால் கொஞ்சம் மெதுமைப்படுத்தித்தான் சொல்வேன். வயதானவர்களுக்கு நெஞ்சு தாங்க வேண்டுமே என்று. அன்று அப்படிச் செய்யவில்லை. முதல் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பெயர், பிறந்த இடம், வந்த திகதி. மூன்றாம் பக்கத்தில் ஒரு வசனத்தில் நின்றுவிட்டேன்.

“என்ன போட்டிருக்கு?”

“விண்ணப்பதாரர் தன் அண்ணன் காணாமல் போனது பற்றிச் சொன்னது நம்பத்தக்கதாக இல்லை எண்டு.”

தெருவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பக்கத்து மேசையில் பிள்ளைகள் ஏதோ கணக்கைப் பற்றி வாக்குவாதப்பட்டார்கள்.

“இதை அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ,” என்றான். “மிச்சத்தை வாசியுங்கோ.”

வாசித்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அவன் கதிரையை இழுத்து என் பக்கமாக வந்து இருந்தான்.

“அந்த ரெண்டு கிழமை எதிலை இருக்கு?”

விரலை வைத்துக் காட்டினேன். அவன் குனிந்து, விளங்காத அந்த எழுத்துகளை நீண்ட நேரம் பார்த்தான்.

“ரெண்டு கிழமை எண்டு போனிலையும் வந்தது அக்கா. நான் நினைச்சன், ரெண்டு கிழமைக்குள்ளை அவையள் எனக்கு இன்னொரு கடிதம் போடுவினம் எண்டு. ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு வந்து தபால் பெட்டியைத் திறந்து பாத்துக்கொண்டு இருந்தனான்.”

நான் அந்த ஒரு வசனத்தை, விரலை எடுக்காமல், அவனுக்குத் தமிழில் இன்னொரு தடவை வாசித்தேன்.